ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் அடித்த கிளியர் பூத்துவிட்டது, புள்ளி விழுந்துவிட்டது: எப்படிச் சரிசெய்வது?

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் வீட்டு வாசலிலேயே வைத்து, 18 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், காரில் வைக்கும் 12 இன்ச் சப்வூஃபருக்கு (பாஸ் ஸ்பீக்கர்) ஒரு பாக்ஸ் செய்திருக்கிறீர்கள். நிறத்துக்குக் கறுப்பு மெட்டாலிக் பேஸ், அதன் மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான 2கே கிளியர் மூன்று கை, அதாவது மூன்று பூச்சு. மழை விட்ட மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு முடித்திருக்கிறீர்கள். காலையில் பார்த்தால் மேல் பலகை பால் தெளித்தது போல் வெளுத்துப் பூத்திருக்கிறது. முன்பக்கம் குண்டூசி குத்தியது போல் புள்ளிகள், நடுவில் இரண்டு மூன்று வட்டக் குழிகள். வலதுபக்கம் ஒரு இடத்தில் வழிந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் சாத்துக்குடித் தோல் மாதிரி மேடுபள்ளம். பத்து நாள் கழித்து மூலைகளில் பலகை சேரும் கோடும் தெரிய ஆரம்பித்துவிட்டது. "இதன் மேலேயே இன்னொரு கை கிளியர் அடித்தால் எல்லாம் மறைந்துவிடுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறையாது. தயவுசெய்து அடிக்காதீர்கள். கிளியர் என்பது கண்ணாடி. கீழே இருக்கும் குறையை அது மூடாது, எடுத்துக் காட்டும். நீங்கள் சொன்ன ஆறு கோளாறில் வழிசலும் சாத்துக்குடித் தோலும்தான் கிளியரை அடித்த விதத்தில் பிறந்தவை. மற்ற நான்கும் பலகையிலும் காற்றிலும் தின்னரிலும் பிறந்தவை. அதனால் எந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அதற்குப் பிறகு உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம்.

பார்ப்பதற்குச் சூரிய வெளிச்சம் வேண்டாம். பாக்ஸை உள்ளே கொண்டுபோய், மொபைல் டார்ச்சைப் பலகையை ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லாம் தெரியும். கேமராவை முழுக்கப் பெரிதாக்கி ஒரு புள்ளியைப் பாருங்கள். ஓரம் மழுமழுவென்று உயர்ந்து, நடுவில் தட்டு மாதிரி பள்ளமாகி, அடியில் கறுப்பு பேஸ் தெரிந்தால் அது மீன்கண். எண்ணெயோ சிலிக்கானோ இருந்த இடத்தைக் கிளியர் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். ஓரம் கூர்மையாக, ஊசியால் குத்திய மாதிரி சின்ன ஓட்டையாக, கிளியர் கனமாக நின்ற இடங்களில் கூட்டமாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் கொதித்து வெளியே வந்த ஓட்டை. பலகையின் வெட்டு ஓரத்தை ஒட்டி வரிசையாகவோ, பள்ளம் அடைக்கப் பட்டி போட்ட இடத்தில் மட்டுமோ இருந்தால், அது கீழே பலகையிலிருந்தும் பட்டியிலிருந்தும் காற்று கிளம்பிய ஓட்டை. நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்க விளிம்பை ஒட்டி இருப்பது இந்த மூன்றாவது வகை. நடுவில் இருக்கும் பெரிய குழிகள் மீன்கண்தான்.

சரி, முதலில் வெளுப்பு.

நம் ஊரில் கிளியர் அடிக்கிறவர்களுக்கு முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம். தின்னர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, பலகையின் மேல்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள மாலையில் ஏறக்குறைய 26 டிகிரிக்கு இறங்கும் எந்தப் பரப்பிலும் பனி படியும். அதாவது நான்கு டிகிரி குளிர்ந்தால் போதும், காயாத கிளியர் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் உட்கார்ந்துவிடும். ஹார்டனர் இல்லாமல் தின்னர் ஆவியாகியே காயும் என்.சி. லேக்கராக இருந்தால் அது அப்படியே வெள்ளையாகப் பூத்துவிடும். 2கே கிளியரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். கிளியரோடு சேர்ந்து இறுக வேண்டிய ஹார்டனர் தண்ணீரோடு போய்விடுகிறது. பளபளப்பு செத்து, நுண்ணிய குமிழும் உள்ளே நின்றுவிடுகிறது.

என்.சி. லேக்கர் பூத்தால் ஒரு சுலப வழி உண்டு: வெயில் ஏறிய நேரத்தில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் மேல்பரப்பு கரைந்து ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். 2கே இறுகிய பிறகு இப்படிக் கரையாது. ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் இழுத்துப் பாருங்கள். தெளிந்து கறுப்பு ஆழமாகத் தெரிந்தால் பூத்தது மேலோடு மட்டும், முழுப் பலகையையும் அதே மாதிரி செய்தால் போதும். தேய்த்த பிறகும் உள்ளுக்குள் புகை மூட்டமாக நின்றால், அந்தக் கையையே தேய்த்து இறக்கிவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

கூடவே தின்னரையும் சந்தேகப்படுங்கள். கடையில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் லூஸ் தின்னர் பெரும்பாலும் என்.சி. தின்னர். அதில் ஆல்கஹால் கலந்திருக்கும், தண்ணீரும் சேர்ந்திருக்கலாம். ஆல்கஹாலும் ஹார்டனரைத் தின்றுவிடும். விளைவு, மூன்று நாள் கழித்தும் நகம் பதியும் மெத்தென்ற கிளியர், ஒரு வாரத்தில் மங்கிவிடும் ஷைனிங். பாக்ஸின் பின்பக்கம், ஒயர் மாட்டும் டெர்மினல் வரும் இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பத்து நாள் கழித்தும் தழும்பு விழுந்தால் உங்கள் கிளியர் இறுகவே இல்லை, இனி இறுகவும் போவதில்லை. அதை முழுக்கத் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கிளியர் என்ன கம்பெனியோ அதே கம்பெனியின் 2கே தின்னரும், அந்தக் கிளியருக்கென்று சொன்ன ஹார்டனரும்தான் வாங்க வேண்டும். சில கிளியருக்கு 2:1, சிலவற்றுக்கு 4:1, டின்னிலேயே போட்டிருக்கும். கண் அளவில் ஊற்றாதீர்கள். கோடு போட்ட கப் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் டின்னைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையே குடிக்கும். போன வருடம் திறந்த டின்னில் கலங்கலாகவோ கட்டிகட்டியாகவோ தெரிந்தால் காசு போனாலும் பரவாயில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எந்த நேரத்தில் அடிப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று ஷெட்டில் தொங்குகிறது. 70-க்கு மேல் காட்டினால் ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை. மீட்டர் இல்லாதவர்கள் சமையலறையில் கல் உப்பு ஜாடியைப் பார்க்கலாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போது உப்பு கசிய ஆரம்பிக்கும், கல் உப்பு அதற்கு முன்பேகூட. உப்பு பிசுபிசுத்த நாளில் கிளியர் அடிக்காதீர்கள். கோடையில் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு ஆரம்பித்து, மதியம் கடல்காற்று ஏறுவதற்குள் கடைசிக் கையை முடித்துவிடுங்கள். கடல்காற்று ஏறினால் சூடு குறையும், ஈரம் கூடும், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலும் உப்பும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் வெயில் அடித்தாலும் தரையும் சுவரும் ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும், அந்த மாதங்களில் வாசலில் வைத்து அடிக்கவே வேண்டாம். மழை நின்றுவிட்டதே என்று தை, மாசியில் சாயங்காலம் அடிப்பவர்கள் உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. இருட்டுவதற்குள் கிளியர் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

இப்போது மீன்கண். காருக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் இடத்தைவிட ஆடியோ வேலை செய்யும் இடத்தில் இது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பாக்ஸில் காற்று கசியக் கூடாது என்று மூட்டுகளில் சிலிக்கான் சீலண்ட் இழுக்கிறோம். விரலால் வழித்துவிட்டு அதே விரலால் பலகையைத் தூக்குகிறோம். பக்கத்தில் இன்னொரு பையன் டாஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரே அடித்துக்கொண்டிருப்பான், அதிலும் சிலிக்கான்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், கிளியர் அந்த இடத்தில் நிற்காது. நீங்கள் உள் மூட்டுகளுக்கு என்ன போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் குழி விழுந்த இடம் ஸ்பீக்கர் ஓட்டையைச் சுற்றி இருப்பதால் சிலிக்கான் என்றே எனக்குப் படுகிறது. அடுத்த பாக்ஸில் உள் மூட்டுகளுக்குப் பசையையே தாராளமாக இழுத்துவிடுங்கள், அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) சீலண்ட். சிலிக்கான்தான் வேண்டும் என்றால் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்து, இறுகி, கடைசியில் போடுங்கள்.

மீன்கண்ணுக்கு இன்னொரு வாசல் கம்ப்ரசர். காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் டேங்க்கில் தண்ணீராக இறங்குகிறது. நம் ஊரில் ஒரு நாள் வேலைக்கு டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தால் ஒரு டம்ளர் அழுக்குத் தண்ணீர் எண்ணெயோடு வரும். தினமும் காலையில் திறந்துவிடுங்கள். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பாதிப் பயன்தான். அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஏழெட்டு மீட்டர் பைப்பில் காற்று ஆறிய பிறகு, கன் பக்கம் மாட்டுங்கள். அடிக்கும் முன் காற்றை மட்டும் ஒரு வெள்ளைத் துணியில் அரை நிமிடம் ஊதிப் பாருங்கள். துணியில் ஈரமோ மஞ்சள் திட்டோ விழுந்தால் அன்றைக்குக் கிளியர் வேண்டாம்.

மீன்கண் விழுந்த இடத்தை அடிக்கும்போதே பார்த்துவிட்டால், கனமாக அடித்து மூட முயலாதீர்கள். நிறுத்துங்கள். அந்தக் கை ஓரளவு காய்ந்ததும், அந்த இடத்துக்கு மட்டும் தூரத்திலிருந்து உலர்ந்த தூவலாக இரண்டு மூன்று முறை தூவி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட்டு, பிறகு வழக்கமான கை அடித்தால் சின்னக் குழிகள் மூடிவிடும். மீன்கண் தடுக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். அதுவும் சிலிக்கான் வகைதான். ஒரு கையில் போட்டால் அதற்கு மேல் வரும் எல்லாக் கைக்கும் போட வேண்டி வரும், கன்னிலும் ஒட்டிக்கொள்ளும். நான் அதைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன்.

விளிம்புப் புள்ளிகளும் மூலைக் கோடும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாக்ஸ் வேலையில் மனம் உடைந்துபோகும் இடம் இதுதான்.

எம்.டி.எஃப். பலகையின் முகம் இறுக்கமாக, வழவழப்பாக இருக்கும். வெட்டிய ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், அட்டை மாதிரி நார் நாராக வரும். அந்த ஓரம் பிரைமரையும் பேஸையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய இடத்திலிருந்து காற்று மேலே வரும், கிளியரில் ஊசி ஓட்டை விழும். அதோடு, ஈரம் பட்டால் எம்.டி.எஃப். நீளத்தில் அவ்வளவாக மாறாது, தடிமனில்தான் உப்பும். மூலையில் ஒரு பலகையின் தடிமனும் இன்னொன்றின் முகமும் ஒரே மட்டமாகச் சேர்கின்றன. தடிமன் பக்கம் ஏறி இறங்கும், முகம் அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம் ஒரு முடி அளவுதான் என்றாலும் கறுப்பு கிளியரில் டியூப் லைட் நிழல் விழும்போது கத்தி வெட்டு மாதிரி தெரியும். பசை வேறு. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஒட்டியதும் மூட்டு உப்புகிறது. மறுநாளே மட்டமாகத் தேய்த்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் வற்றி மூட்டு உள்வாங்கிவிடும். நீங்கள் தேய்த்தது உப்பிய மட்டம், இப்போது தெரிவது வற்றிய மட்டம்.

எனக்கு இது நெஞ்சில் பதிந்தது 2024 கடைசியில். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது முத்தியால்பேட்டையில் என் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பலகைகளை மேலே தூக்கி வைத்திருந்தேன், நேராக நனையவில்லை. ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கார் ரெடியாக வேண்டும் என்று ஒருவர் கேட்டதால் அதிலேயே பியானோ கறுப்பில் ஒரு பாக்ஸ் செய்து கொடுத்தேன். கொடுத்த அன்று முகம் பார்க்கலாம், அப்படி வந்திருந்தது. மூன்றாவது வாரம் அவர் படம் அனுப்பினார், நான்கு மூலையிலும் கோடு. பலகையை அளந்து பார்த்தேன், 18 எம்.எம். என்று வாங்கியது சில இடத்தில் 18.6 காட்டியது. ஒருமுறை உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. அந்தப் பாக்ஸைக் காசு வாங்காமல் புதிதாகவே செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து பலகை வாங்கும்போது வெர்னியர் காலிப்பரால் நான்கு மூலையும் அளக்காமல் வண்டியில் ஏற்றுவதில்லை. கடலோரத்துக்கு ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை கொஞ்சம் விலை கூடினாலும் நிம்மதி.

உங்கள் பாக்ஸில் கோடு வந்துவிட்டது, இனி என்ன? கோடு மேலும் நகர்கிறதா நின்றுவிட்டதா என்று பாருங்கள். இன்னும் இரண்டு வாரம் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். நின்றுவிட்டது என்றால் மூட்டை ஒட்டி இருபக்கமும் இரண்டு இன்ச் அகலத்துக்கு 120 நம்பரில் பலகை தெரியும்வரை தேய்த்து எடுங்கள். மெல்லிய ஃபைபர் (கண்ணாடியிழை) டிஷ்யூவை ஒன்றரை இன்ச் பட்டையாக வெட்டி, எபாக்சி ரெசின் தடவி மூட்டின் மேல் படியவையுங்கள். கோணல் இல்லாமல் இரண்டு பலகையையும் அது பிடித்துக்கொள்ளும். இறுகியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்கிரப்பரால் ஒருமுறை கழுவித் துடையுங்கள். எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும், அது போகாமல் தேய்த்தால் உப்புத்தாளோடு சேர்ந்து உள்ளே அழுந்தி மறுபடி மீன்கண் வரும். பிறகு பாலியஸ்டர் பட்டி மெல்லிசாக இழுத்து, 180, 240 என்று கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மட்டம் பாருங்கள். வெறும் விரலால் தேய்த்தால் அலை அலையாக வரும். வெட்டு ஓரங்களுக்கு நீர்க்க விட்ட எபாக்சியோ பி.யு. சீலரோ இரண்டு முறை தடவி அடைத்துவிடுங்கள். ஆசாரிகள் பயன்படுத்தும் என்.சி. சீலர் கையில் இருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள். அதன் மேல் 2கே பட்டதும் தின்னர் அதைக் கிளப்பிவிடும், முதியவர் கையில் தோல் சுருங்கின மாதிரி சுருக்கம் விழும். அப்படிச் சுருங்கினால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, பலகைவரை சுரண்ட வேண்டும்.

துணியை இழுத்துக் கட்டி ரெசின் ஊற்றிச் செய்யும் ஃபைபர் பாக்ஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மெழுகு கலந்த பாலியஸ்டர் ரெசினில் மெழுகு மேலே மிதந்து வந்து நிற்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். மெழுகு கலக்காத ரெசின் மேல்தோல் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

வழிசலும் சாத்துக்குடித் தோலும் சின்ன வேலை. வழிசல் முழுக்க இறுகட்டும். மேலே தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்போது தொட்டால் கிழிந்துவிடும். இறுகிய பிறகு சின்ன மரக்கட்டையில் 800 சுற்றி அந்த மேட்டை மட்டும் இறக்கி, சுற்றிலும் செல்லோடேப் ஒட்டிப் பக்கத்தைக் காப்பாற்றுங்கள். சாத்துக்குடித் தோலுக்கு 1500, 2000, 3000, அப்புறம் காம்பவுண்டு, பாலிஷ். அவ்வளவுதான். ஆனால் மறுபடி கிளியர் அடிக்கப்போகும் முகங்களுக்கு இந்த மெருகெல்லாம் வீண், 800-இல் மட்டமாக இறக்கினாலே போதும்.

தேய்க்கும்போது கையை விடத் தண்ணீரைக் கவனியுங்கள். இரண்டு கை கிளியர் என்பது காய்ந்த பிறகு சுமார் 50, 60 மைக்ரான், ஒரு தலைமுடித் தடிமன். தேய்த்து வரும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்வரை கிளியரில் இருக்கிறீர்கள். கறுப்புச் சாயல் ஒரு இழை தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள், பேஸைத் தொட்டுவிட்டீர்கள். மெட்டாலிக் பேஸ் தேய்ந்த இடம் மேலே எத்தனை கிளியர் அடித்தாலும் திட்டாகத்தான் தெரியும், அந்த முகம் முழுக்கப் பேஸ் அடித்துத்தான் மீள வேண்டும். விளிம்பில்தான் சீக்கிரம் தேயும், அதனால் விளிம்பை ஒட்டி அரை இன்ச்சுக்குப் பேப்பர் டேப் ஒட்டிவிட்டு நடுவைத் தேயுங்கள், கடைசியில் டேப்பை எடுத்துக் கையால் லேசாக இரண்டு இழுப்பு. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் உப்புத்தாள் அடைக்காது, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஸ்பீக்கர் ஓட்டை, ஸ்குரு ஓட்டை, காற்று வெளியேறும் போர்ட் வாய் மூன்றையும் டேப்பால் அடைக்காமல் தண்ணீர் விடாதீர்கள். ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் பலகையை உப்பவைத்தால் இத்தனை நேரம் பேசியது எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

ஊசி ஓட்டைகளைத் திறக்காமல் மேலே அடிக்கவே கூடாது. புதுக் கிளியர் ஓட்டைக்கு மேல் பாலம் கட்டும், உள்ளே மாட்டிய காற்று வெயிலில் விரிந்து அதே இடத்தில் மறுபடி உடைக்கும். ஓட்டையின் அடிவரை தேய்த்து இறக்குங்கள். அடி பட்டியில் இருந்தால் பட்டிவரை போங்கள்.

இனி, பலகைவரை இறக்கிய முகங்களுக்குப் பிரைமரும் பேஸும் ஏறிய பிறகு கிளியர் அடிப்பது. முதல் நாள் இரவே பாக்ஸை உள்ளே வைத்துவிடுங்கள், பலகையும் காற்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்குவது பழக்கம், ஆனால் ஏற்கெனவே ஈரமான நாளில் அது கெடுதல். துடைத்தால் போதும். வாக்ஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றி வைக்கிறீர்கள். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

கன்னில் 1.3 அல்லது 1.4 எம்.எம். நாசில். சாதாரணக் கன் என்றால் கன் வாயில் 40 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்து, பழைய செய்தித்தாளில் அடித்துப் பாருங்கள். கன் முனையில் இருக்கும் ஏர் கேப்பைத் திருப்பி, பெயிண்ட் விரியும் விசிறியைப் படுக்கவைத்து, பெயிண்ட் வழியும்வரை ஒரே இடத்தில் பிடியுங்கள். வழியும் கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் விசிறி சமம். நடுவில் மட்டும் நீளமாக வழிந்தால் காற்று போதவில்லை, இரண்டு முனையிலும் நீளமாக வழிந்தால் காற்று கூடிவிட்டது. இந்த ஒரு நிமிடம் சாத்துக்குடித் தோலில் பாதியைக் குறைக்கும். பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 15 முதல் 20 சென்டிமீட்டர். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதிமேல் ஏற வேண்டும். முதலில் விளிம்புகள், அப்புறம் முகங்கள். வெயில் நாளில் ஸ்லோ தின்னர். முதல் கை லேசாக, பிடிப்புக்கு மட்டும். அது கையில் ஒட்டும், ஆனால் நூல் இழுக்காது என்ற நிலைக்கு வரும்வரை விடுங்கள், பத்து நிமிடம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். மறைக்கும் பேப்பரில் பட்ட கிளியரைத் தொட்டுப் பாருங்கள், பாக்ஸைத் தொடாதீர்கள். பிறகு ஒரு நிறை கை, மறுபடி இடைவெளி, இன்னொரு நிறை கை. மூன்று கையையும் அவசரமாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் மேலே தோல் மூடிக்கொள்ளும், அடியில் மாட்டிய தின்னர் ஓட்டை போட்டுத்தான் வெளியே வரும். பாக்ஸ் கனசதுரம் என்பதால் ஒரே நாளில் ஆறு முகமும் முடிக்க வேண்டியதில்லை. முகத்தைப் படுக்கவைத்து அடித்தால் வழியாது. தூசி கொஞ்சம் கூட விழும், அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஸ்பீக்கர் ஓட்டை வழியாக ஒரு கட்டையை விட்டு இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் தொங்கவைத்தால் தொடாமலே திருப்பலாம்.

இதைப் படிக்கிற யாரும் தாண்டிப் போகக் கூடாத ஒன்று. 2கே கிளியரின் புகையில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பழக்கிவிடும், கெட்ட பழக்கம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி மூச்சு இழுக்கும். என்னோடு ஒன்பது வருடம் அடித்த ஒருவர் இன்று கிளியர் டின் திறந்த அறைக்குள் நுழைய முடியாமல் எலெக்ட்ரிக்கல் வேலைக்குப் போய்விட்டார். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் என்95-ம் ஆவியைத் தடுக்காது. குறைந்தது கரி கேட்ரிட்ஜும் நுண்துளி வடிகட்டியும் உள்ள, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை. தினமும் அடிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அடித்து முடித்து ஒரு மணி நேரம் வரை குழந்தைகளை அந்த வாசல் பக்கம் விடாதீர்கள். பூஜை விளக்கு, அடுப்பு, கம்ப்ரசர் சுவிட்ச் எதுவும் அந்தக் காற்றில் பக்கத்தில் இருக்கக் கூடாது, தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும்.

முடித்த பிறகும் பொறுமை வேண்டும். மறுநாள் கையால் தூக்கலாம். தேய்த்துப் பாலிஷ் போட இரண்டு நாள், ஈரக் காலத்தில் மூன்று நாள். ஸ்பீக்கரை ஸ்குரு போட்டு இறுக்க ஒரு வாரம். அதற்கு முன் மாட்டினால் கேஸ்கெட் பஞ்சு கிளியரில் அச்சுப் பதிக்கும், பாஸ் அடிக்கும்போது ஸ்குருவைச் சுற்றி விரிசல் கிளம்பும். ஸ்குரு ஓட்டைகளைப் பெயிண்டுக்கு முன்பே போட்டு, அடிக்கும் முன் லேசாகக் கோணம் எடுத்துவிட்டால் அந்த விரிசலுக்கு வாய்ப்பே குறைவு. காருக்குக் கொண்டுபோகும்போது குமிழ் பிளாஸ்டிக் சுற்றாதீர்கள், வட்ட வட்டமாகத் தழும்பு விழும். சுத்தமான பருத்தி வேட்டி போதும். முதல் ஒரு வாரம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள். வெளியைவிட உள்ளே 20 டிகிரி கூடலாம். இறுகாத கிளியர் அந்தச் சூட்டில் கொப்பளிக்கும்.

உங்கள் பாக்ஸுக்கு என் கருத்து: மேல் பலகையைத் தேய்த்துச் சோதித்துப் பாருங்கள், மேலோட்டமான வெளுப்பாக இருந்தால் அது தப்பித்துவிடும். வலதுபக்கமும் தப்பித்துவிடும். முன்பக்கத்தையும் நான்கு மூலைகளையும் மட்டும் பலகைவரை இறக்கிச் செய்தால் போதும், முழுப் பாக்ஸையும் உரிக்க வேண்டாம். எந்தக் கம்பெனி கிளியர், எந்தத் தின்னர், என்ன அளவில் கலந்தீர்கள், நகம் பதிந்ததா இல்லையா, இந்த நான்கையும் எழுதுங்கள். பின்பக்கத்தை டார்ச் சாய்த்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.